கை எட்டாத இரண்டு தொட்டிகள்

அத்தியாயம் 7

லைல் பெக்வித் காணாமல் போய் அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

"உயிரோட இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் தாங்கிக்கறேன்" என்று பின் சீட்டிலிருந்து அவன் அக்கா நோரீன் கேட்டாள். யுரேகாவில் வண்டி ஏறியதிலிருந்து இது நான்காவது முறை.

முன் சீட்டிலிருந்த டெல்ஃபினா அவிலா கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தாள். வாக்குக் கொடுப்பதில் அவள் பரம கருமி. இருபத்தெட்டு வருடம் அந்த ஆற்றுப் படுகையின் பால் பண்ணைகளுக்கெல்லாம் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். அழுக்கு கேனைக் கண்டால் மொத்தப் பாலையும் சாக்கடையில் கொட்டச் சொல்வாள். ஓய்வு பெற்றதும் துப்பறிய ஆரம்பித்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்து ஒளிந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் ஒளிகிறார்கள், காரணம்தான் வேறு.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டிஸ் கிராண்டலுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனை, ஓட்டவும் தூக்கவும் என்று டெல்ஃபினா வேலைக்கு எடுத்திருந்தாள். பேச்சு இலவச இணைப்பாக வந்தது.

"மேடம், இந்தப் பனில ரோடு எங்க இருக்குன்னே தெரியல. மாட்டை இடிச்சா மாட்டுக்காரன் கேப்பான். வேலியை இடிச்சா யாரு கேப்பா?"

"நான் கேப்பேன். மெதுவா போடா."

கடலிலிருந்து ஏறி வந்த பனி பகல் மூன்று மணிக்கே மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டிருந்தது. பசுக்கள் தலையில்லாமல் கால்களோடு மட்டும் நின்றன. ஓட்டிஸுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை.

"ஷெரிப் ஆபீஸ்ல போலீஸ்காரங்க என்ன சொன்னாங்க?" என்றாள் டெல்ஃபினா.

"என்ன சொல்லுவாங்க? நாப்பத்தாறு வயசு ஆம்பளை, அவன் வண்டியையும் காணோம், இஷ்டப்பட்டுப் போயிருக்கான்னாங்க. ஓரிகன்ல ஒரு பொம்பளை இருக்காளாம், பையைத் தூக்கிட்டுப் போனதைத் தானே பாத்தேன்னு அவன் பார்ட்னர் க்ரேடி சொல்றான்." நோரீன் மூக்கை உறிஞ்சினாள். "அறுப்புக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப எங்க லைல் செடியை விட்டுட்டுப் போவானா? எங்க அம்மா செத்த அன்னிக்கே, தண்ணி ஊத்தி முடிச்சுட்டுத்தான் வந்தான் அவன்."

"லைலுக்கும் க்ரேடிக்கும் ஏதாவது சண்டையா?"

"க்ரேடி திருட்டுத்தனமா வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பறான். கஞ்சா வளக்கற கவர்மெண்ட் லைசன்ஸ் லைல் பேர்ல. 'திங்கக்கிழமை அதிகாரிகிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்'னு லைல் எனக்கு போன் பண்ணான். திங்கக்கிழமை ஆளையே காணோம்."

பண்ணை வாசலுக்கு ஒரு வளைவு முன்னதாக வண்டியை நிறுத்தச் சொன்னாள் டெல்ஃபினா. நோரீனைக் கண்டாலே க்ரேடிக்கு ஆகாது. "நீங்க இங்கயே இருங்க. கதவைப் பூட்டிக்கோங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டெல்ஃபினாவும் ஓட்டிஸும் பனியில் மீதித் தூரம் நடந்தார்கள்.

க்ரேடி மாஸ்டன் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான். நல்ல சட்டை, நல்ல பல். சரக்கு விற்பதும் பேசுவதும் அவன் பங்கு, வளர்ப்பது லைல் பங்கு என்று ஊருக்கே தெரியும்.

"வாங்க வாங்க! நோரீன் உங்களை வேலைக்கு வெச்சிருக்காளா? பாவம், தம்பி மேல உயிரு. நல்லா சுத்திப் பாருங்க மேடம், ஒளிக்க என்ன இருக்கு?"

இவ்வளவு தாராளமாகக் கதவைத் திறக்கிறவனை நம்பக்கூடாது என்று ஓட்டிஸுக்குத் தோன்றியது. ஆனால் கதவைத் திறக்காதவனையும் அவன் நம்பியதில்லை. எனவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய மாட்டுக் கொட்டகை அது. பால் கறந்த இடமெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்து, கூரையிலிருந்து வரிசையாக விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போனதும் கண் கூசியது. ஆளுயர மின்விசிறிகள் நான்கு மூலையிலும் உறுமின. பக்கத்தில் நிற்பவன் பேசுவதைக் கேட்கவே காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. கஞ்சாச் செடிகள் பன்னிரண்டு, வரிசைக்கு நான்காக மூன்று வரிசை. ஒவ்வொன்றும் ஓட்டிஸின் இடுப்பளவு அகலமுள்ள கறுப்புத் துணித் தொட்டியில் தலைக்கு மேல் வளர்ந்து, பூக்களின் கனம் தாங்காமல் கம்புகளில் சாய்ந்திருந்தது. ஒரு தொட்டி இருபது கேலன் மண் பிடிக்கும். நனைந்தால் ஒற்றை ஆளால் நகர்த்த முடியாது.

"பதினோரு நாளா நீங்கதான் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"வேற யாரு? ஒண்டி ஆளா நான்தான்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி?"

"தினமும்தான். காலைல எழுந்ததும் ஆளுக்கு ஒரு வாளி. செடின்னா தினம் ஊத்தணும்ல? உரமும் அதுலயே கலந்துடுவேன்."

"பன்னிரண்டுக்குமே?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான் மேடம். ஓரவஞ்சனை கிடையாது." க்ரேடி சிரித்துவிட்டு, கொட்டகையின் எதிர்க்கோடியைக் காட்டினான். கடைசி வரிசையின் இரண்டு மூலைகளிலும் இருந்த தொட்டிகளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. "அங்க பாருங்க, அது ரெண்டும் முன்னாடியே பழுத்துடுச்சு. மத்தது இன்னும் பச்சையா இருக்கேன்னு பாத்தேன். நேத்து வாங்கறவங்களோட ஆள் ஒருத்தன் வந்து பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தான். 'இலை கிடக்கு, பூ எல்லாமே ரெடி, நாளைக்கே அறுத்துடு'ன்னுட்டான். நாளைக் காலைல ஆளுங்க வராங்க."

"நாளைக்கா" என்றாள் டெல்ஃபினா. அவள் குரல் இறங்கியது. ஓட்டிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

க்ரேடியின் போன் அடித்தது. விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால், "ஒரே நிமிஷம்" என்று சைகை காட்டிவிட்டு வெளியே போனான்.

அவன் முதுகு மறைந்ததுதான் தாமதம், டெல்ஃபினா கையுறையைக் கழற்றிவிட்டு முதல் தொட்டி மண்ணில் விரலை விட்டாள். அடுத்ததில் விட்டாள். கீழே குனிந்து தொட்டியின் அடித்தட்டைத் தொட்டு முகர்ந்தாள்.

"மேடம், சமையல்ல உப்பு பாக்கற மாதிரியே இருக்கு."

"நக்கிப் பாக்கறியா? மீன் உரம். நேத்து ஊத்தினது, தட்டுல இன்னும் நிக்குது." அவள் எழுந்தாள். "ஓட்டிஸ், இந்தச் செடியைப் பாரு. அப்பறம் அந்த மூலைச் செடியைப் பாரு. வித்தியாசம் சொல்லு."

ஓட்டிஸ் பார்த்தான். முன்னால் இருந்தது இலைகளை வானத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு கொழுகொழுவென்று நின்றது. மூலையில் இருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தான். மண் மேல் பாசி. சின்னச் சின்ன ஈக்கள் எழும்பி மூக்கில் ஏறின.

"இது என் மச்சான் கல்யாணத்துக்கு மறுநாள் இருந்த மாதிரி இருக்கு."

"அதேதான். அளவுக்கு மீறி ஊத்தியாச்சு. இவ்வளவு பெரிய தொட்டி ஒரு தடவை குடிச்சா நாலு நாள் தாங்கும். காயக் காயத்தான் வேர் ஓடும். தினம் ஊத்தினா வேர் மூச்சு முட்டி அழுகிப்போகும், இலை மஞ்சளாகித் தொங்கும். அதைத்தான் அந்த அறிவாளி பழுத்துடுச்சுங்கறான்."

"அப்ப தினம் ஊத்தறேன்னு அவன் சொன்னது..."

"நெஜம். அந்த ரெண்டு தொட்டிக்கு மட்டும். மீதி பத்துக்கும் வேற கை ஊத்துது. நாலு நாளைக்கு ஒரு தடவை, நிதானமா, ஓரத்தைச் சுத்தி வட்டமா. மண்ணு எங்கயும் குழி விழல பாத்தியா? பூவாளியில ஊத்தறவன் கை இது. இந்தப் பக்கத்துல பூவாளியைக் கீழே வைக்காதவன் ஒரே ஒருத்தன்தான்."

ஓட்டிஸ் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "லைல்?"

"நேத்து வரைக்கும் உயிரோட இருந்திருக்கான்."

"நல்ல சேதிதானே மேடம்! ஓடிப் போய் நோரீன் கிட்ட..."

"இரு. நல்ல சேதியா கெட்ட சேதியான்னு பாத்துட்டுச் சொல்லுவோம். கை தெரிஞ்சவன் பத்துக்கு ஊத்திட்டு ரெண்டை ஏன் விட்டான்?"

"ஹோஸ் எட்டலையோ?"

"இழுத்துப் பாரு."

சுவரில் சுருட்டி மாட்டியிருந்த ஹோஸை ஓட்டிஸ் உருவிக்கொண்டு போனான். மூலைத் தொட்டியைத் தாண்டிப் பின்சுவர் வரை தாராளமாக வந்தது. பூவாளி என்றால் எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அவன் ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். டெல்ஃபினா முதல் வரிசைக்கு முன்னால் இருந்த சுவரில், வரிசையின் நடுவுக்கு நேராக இருந்த ஓர் இரும்புக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் கதவிலிருந்து ஒவ்வொரு தொட்டியாகப் போய்த் திரும்பியது. அந்தக் கதவிலிருந்து பார்த்தால் எல்லாத் தொட்டியும் கிட்டத்தில்தான். கடைசி வரிசையின் இரண்டு மூலைகள் மட்டும்தான் தூரம்.

ஓட்டிஸுக்கு விஷயம் புரிந்தபோது கையிலிருந்த ஹோஸ் தானாக நழுவியது. நீளம் போதாதது ஹோஸுக்கு அல்ல. ஆளுக்கு.

"கட்டி வெச்சிருக்கான்" என்றான். தமாஷ் செய்ய வார்த்தை வரவில்லை அவனுக்கு.

டெல்ஃபினா கதவின் அடிப்பக்கத்தைக் காலால் காட்டினாள். சிமெண்ட் நிலைப்படியில் ஒரு விரல் அகலத்துக்குப் புதிதாகத் தேய்ந்த பள்ளம். கம்பிக் கயிறு உரசி உரசிப் போட்ட தடம்.

"இது பால் அறை. எந்தப் பண்ணைலயும் இப்படித்தான் கட்டுவாங்க. ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழம். ஒரே கதவு, ஒரே சாவி." அவள் கதவைத் தட்டவில்லை. தட்டினால் விசிறிச் சத்தத்தில் உள்ளே கேட்காது, வெளியே இருப்பவனுக்குக் கேட்டுவிடலாம். "இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. பூவைப் பாரு. பூ மேல இருக்கற முடியெல்லாம் பழுப்பாயிடுச்சு, விளைஞ்சாச்சுன்னு அர்த்தம். அறுப்புக்கு ரெண்டு வாரம் முன்னாடியே உரத்தை நிறுத்திடணும், அப்பறம் வெறும் தண்ணிதான். இல்லன்னா சரக்கு தொண்டையை அறுக்கும், சாம்பல் கறுப்பா விழும். இது சின்னப் பசங்களுக்கே தெரியும். லைல் நேத்து வரைக்கும் உரம் ஊத்தியிருக்கான். ஏன்?"

"மறந்துட்டானா?"

"அம்மா சாவுல கூட மறக்காதவனா?"

ஓட்டிஸ் யோசித்தான். உரம் நின்றால் இலை மஞ்சளாகும். இலை மஞ்சளானால் க்ரேடி அறுப்புக்கு ஆள் கூப்பிடுவான். அறுத்து முடித்துவிட்டால் அப்புறம் தண்ணீர் ஊற்ற ஒருவன் எதற்கு?

"பச்சையாவே வெச்சிருக்கான். 'இன்னும் ஆகல, இன்னும் ஆகல'ன்னு சொல்லிச் சொல்லி நாளை வாங்கியிருக்கான்."

"ஆமா. பூதக்கண்ணாடிக்காரன் நேத்து வந்து கெடுத்துட்டான். லைலுக்கு இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான் டைம்."

ஓட்டிஸ் இரும்புக் கதவை நெருங்கினான். அந்த மனிதனை அவன் பார்த்ததுகூட இல்லை. உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வாளியிலும் தன் உயிருக்கு இன்னும் நான்கு நாள் ஊற்றிக்கொண்டிருந்தவனை நினைத்துக்கொண்டே பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"கதவை உடைச்சிடட்டுமா?"

"கனத்த இரும்பு. நீ உடைக்கறதுக்குள்ள அவன் துப்பாக்கியோட வருவான்." டெல்ஃபினா போனை எடுத்துத் துணை ஷெரிப் பாச்செகோவைக் கூப்பிட்டாள். விசிறிச் சத்தத்தில் மறு காதை அடைத்துக்கொண்டு, வாயைப் போனோடு ஒட்டிப் பேசினாள். கேட்டாள். பல்லைக் கடித்தாள். "பாலத்தைத் தாண்டி வரவே இருபது நிமிஷமாம். வந்தாலும் கோர்ட் உத்தரவில்லாம பூட்டை உடைக்க முடியாதாம். ஆளைக் கண்ணால பாத்தா சொல்லுங்கறாரு."

"கண்ணால பாக்கறதுக்குக் கதவு திறக்கணும். கதவு திறக்கறதுக்குக் கண்ணால பாக்கணும். ரொம்ப அழகா இருக்கு மேடம் சட்டம்."

"கதவை நாம ஏன் திறக்கணும்?" என்றாள் டெல்ஃபினா.

அதற்குள் க்ரேடி வந்துவிட்டான். சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண் முதலில் போனது இரும்புக் கதவுக்கு, அப்புறம்தான் இவர்களுக்கு. ஓட்டிஸ் உடனே வாயைத் திறந்தான்.

"சார், இந்த ரூம்ல என்ன?"

"அதுவா? காய வைக்கற ரூம். திறந்தா ஈரம் ஏறிடும், அதான் பூட்டியே வெச்சிருக்கேன்."

இன்னும் ஒரு பூவைக்கூட அறுக்கவில்லை, எதைக் காயவைக்கிறாய், உன் கோவணத்தையா என்று கேட்க ஓட்டிஸின் நாக்கு துடித்தது. டெல்ஃபினா அவன் காலை மிதித்தாள்.

"எல்லாம் பாத்தாச்சு மிஸ்டர் மாஸ்டன். லைல் தானாத்தான் போயிருக்கான்னு எனக்கும் படுது. நோரீன் கிட்டச் சொல்லிடறேன், அவங்களும் மனசைத் தேத்திக்கணும்ல." அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டு, ஏதோ ஞாபகம் வந்தவள்போல் நின்றாள். "ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரர் இருபது வருஷம் மலைல செடி போட்டவரு. நாளைக்கு அறுக்காதீங்க."

"ஏன்?"

"பத்துத் தொட்டியிலயும் நேத்து வரைக்கும் உரம் போயிருக்கு. அறுத்து ஒரு இழுப்பு இழுத்தா நெருப்பு நிக்காது, கறுப்பா சாம்பல் விழும், தொண்டை எரியும். வாங்கறவங்க மூஞ்சிலயே விட்டெறிவாங்க. இதைச் சரி பண்ண ஒரே வழி, ரெண்டு வாரம் வெறும் தண்ணி. அதுவும் கை தெரிஞ்ச ஆள் ஊத்தணும். உங்களுக்கு யார் இந்த யோசனை சொன்னாங்களோ, வேணும்னே உங்களைக் கவுத்திருக்காங்க."

க்ரேடியின் பல் மறைந்தது. விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவன் தாடை இறுகுவதை ஓட்டிஸ் பார்த்தான்.

"நானேதான் ஊத்தறேன்னு சொன்னேனே."

"ஆமாமா, மறந்துட்டேன். அப்ப உங்களை நீங்களே கவுத்துக்கிட்டீங்க. வரோம்."

பனிக்குள் இருபது அடி நடந்ததும் ஓட்டிஸ் அவள் தோளைப் பிடித்தான். முதலாளி என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது.

"என்ன காரியம் பண்ணீங்க? அந்த மனுஷனோட ஒரே ரகசியம் அதுதான்! அதைப் போய் அவன்கிட்டயே போட்டுக் குடுத்துட்டீங்களே! இப்ப உள்ள போய் வெட்டிப் போட்டுடுவான்!"

"வெட்ட மாட்டான். இன்னும் ரெண்டு வாரத்துக்கு லைல் வேணும் அவனுக்கு. அடிப்பான். அதுக்குக் கதவைத் திறப்பான்." வெட்ட மாட்டான் என்று தனக்கே சொல்வதுபோல் இன்னொரு தடவை முணுமுணுத்தாள். அவளுக்கும் நிச்சயமில்லை என்பது ஓட்டிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். "கன்னுக்குட்டி போற சின்னக் கதவு பின்பக்கம் இருக்கும். வா."

குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டே போனார்கள். கன்றுக் கதவில் பழைய கொக்கி. டெல்ஃபினா அதைப் பழகிய கையோடு தூக்கினாள். இந்தக் கொட்டகையிலும் ஏதோ ஒரு வருடம் பாலைக் கொட்டச் சொல்லியிருப்பாள் போலும்.

உள்ளே இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது.

க்ரேடி கம்பிக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுநுனியில், கணுக்காலில் பூட்டோடு, ஒரு மனிதன் நிலைப்படியில் குப்புறக் கிடந்தான். தாடியும் அழுக்குமாக, நோரீன் காட்டிய போட்டோவில் பாதிதான் இருந்தான்.

"உரம் ஊத்தினியா? ஊத்தினியாடா?" க்ரேடியின் இன்னொரு கையில் அறுவடைக்கு வைத்திருந்த வளைந்த ரம்பம். "இலை மஞ்சளாகல, மஞ்சளாகலன்னு என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினியா? இவ்வளவும் கறுப்பா எரியப் போவுதாமே!"

லைல் ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது.

"உனக்கு எதுக்குக் காலு? உக்காந்துகிட்டே ஊத்தலாம்ல?" க்ரேடி ரம்பத்தைத் தாழ்த்தினான்.

டெல்ஃபினாவின் கணக்கில் இது இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஓட்டிஸுக்கு அது தெரிந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் மீன் உரம் கலக்கும் பெரிய வாளி மூடியோடு நின்றது. மூடியைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி, க்ரேடியின் தலை மேலேயே கவிழ்த்தான். அதே நொடியில் டெல்ஃபினா சுவரிலிருந்த பெரிய சுவிட்சை இறக்கினாள். விளக்கும் விசிறியும் ஒன்றாகச் செத்தன.

இருட்டில் க்ரேடி கத்தினான், வழுக்கினான், விழுந்தான். ரம்பம் சிமெண்டில் கிறீச்சிட்டு எங்கோ ஓடியது. ஓட்டிஸ் சத்தத்தைக் குறிவைத்துப் பாய்ந்து, கையில் கிடைத்ததன் மேல் உட்கார்ந்தான். இருநூற்றிருபது பவுண்டு எடை முதல் தடவையாக அவனுக்கு உத்தியோக ரீதியாகப் பயன்பட்டது.

"அசைஞ்சே, இன்னொரு வாளி இருக்கு" என்றான் மூச்சு வாங்க. இன்னொரு வாளி இல்லை.

"ஓட்டிஸ்! அடியில இருக்கறது க்ரேடிதானே?"

"நாத்தம் அடிக்குது மேடம். க்ரேடியாத்தான் இருக்கணும்."

டெல்ஃபினா பாச்செகோவுக்குப் போன் போட்டு, "கண்ணால பாத்தாச்சு, வாங்க" என்று மட்டும் சொன்னாள். விசிறிகள் நின்ற அமைதியில் வெளியே யாரோ ஓடி வருவது கேட்டது. க்ரேடி போட்ட கத்தலில் நோரீன் காரைத் திறந்துகொண்டு வந்துவிட்டிருந்தாள். பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு என்று சொன்னால் எந்த அக்காதான் இருப்பாள்?

"லைல்! லைல், எங்கடா இருக்கே?"

டெல்ஃபினா சுவிட்சை மறுபடி மேலே தூக்கினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. நோரீன் வாசலில் ஒரு கணம் கண் கூசி நின்றாள். பிறகு தம்பி கிடந்த இடத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டிஸ் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கண் கரித்தது. அதற்கு மீன் உரத்தைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

லைல் அக்காவைப் பார்க்கவில்லை. கணுக்காலில் கசிந்த ரத்தத்தையும் பார்க்கவில்லை. அவன் கை நோரீனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் காதை அவன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அறுத்துட்டாங்களா?"

"என்னது?"

"செடி. அறுத்துட்டாங்களா, நோரீன்?"

"இல்லடா. ஒண்ணும் அறுக்கல. எல்லாம் நிக்குது."

அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை. பதினோரு நாளாக அவனிடம் சொல்லப்பட்டதெல்லாம் பொய். விளக்கு வெளிச்சம் பழகாமல் அவன் கண் இறுக மூடியே இருந்தது.

"எண்ணு."

நோரீன் டெல்ஃபினாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஏன் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. டெல்ஃபினாவுக்குத் தெரியும். வாக்கே கொடுக்காதவள், "எண்ணுங்கம்மா, சத்தமா எண்ணுங்க. எல்லாமே இருக்கு" என்றாள்.

நோரீன் எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் லைலின் விரல் அவள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஒன்பது, பத்து. தூரத்து மூலைகளில் மஞ்சளாகித் தொங்கிய இரண்டையும் சேர்த்து அவள் பன்னிரண்டு என்று சொன்ன பிறகுதான், அவன் பிடியை விட்டுவிட்டு அழுதான்.